கறியும் கர்ரியும்



ஜார்ஜ் டவுன் நாசி கண்டார் கடைகளில் நாம் கேட்டு வாங்கும் ‘கறி’ ஆங்கிலச் சொல் என்று எண்ணும் மாணவர் நம்மிடையே உளர். சங்க நூல்களில் அச்சொல் மிளகையும் குறித்தது. காய்க்கும், சோற்றுக்குத் துணையாகும் தொடுகறிக்கும், இறைச்சிக்கும் அதுவே பெயர். மலாய் மொழி அதனைக் ‘காரி’ என ஏற்றது. போர்த்துக்கீசியர் ‘கரில்’ என்றனர். 1747இல் ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலில் அதன் செய்முறை ஆங்கிலத்தில் அச்சாயிற்று.

ஆயினும் ஆங்கிலத்தில் ‘கர்ரி’ என்னும் வினைச்சொல் ஒன்றும் உண்டு. குதிரையின் மேனியைத் தேய்த்துவிடுதல் என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முகத்துதி செய்து தயவு தேடுவதைக் குறிக்கும் ‘கர்ரி ஃபேவர்’ என்னும் தொடர் அதன் வழித்தே. அதன் ஈற்றுச்சொல்லும் தொடக்கத்தில் தயவைக் குறிக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் ‘ஃபோவெல்’ என்னும் குதிரையின் பெயரே அவ்வாறு திரிந்தது.

எழுத்தொற்றுமை கண்டு இவ்வினையையும் தமிழென்று உரிமை கொண்டாடுவோரை மேடைகளில் கேட்டிருக்கிறோம். அவ்வார்வத்தை நாம் பாராட்டுவதற்கில்லை; ஐயமின்றி நம்முடையதாகிய சொல்லின்மீதும் அது ஐயத்தை வருவித்துவிடும். வகுப்பறையில் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே எழுதிக் காட்டுக. நல்ல அகராதிகள் அவ்வாறே செய்கின்றன.