ஊசிக்கு முன்னே பெயர்ப்பட்டியல்



2025 அக்டோபர். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். வீடுகளில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அந்த நாள்களில், மலேசியப் பள்ளிகளில் ஏறக்குறைய 6,000 மாணவர்களுக்கு இன்ஃப்ளூயன்ஸா எனும் சளிக்காய்ச்சல் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. ஒரே வாரத்தில் நாடு முழுவதும் 97 இடங்களில் கூட்டமாகத் தொற்று; அதற்கு முந்தைய வாரம் அந்த எண்ணிக்கை வெறும் 14. சில பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். வீட்டில் யார் இருந்தார்கள்? அப்பா தொழிற்சாலையில், அம்மா கடையில். இருந்தது பாட்டியும் தாத்தாவும்தான்.

பத்து வயதுப் பிள்ளைக்கு அது நாலைந்து நாள் படுக்கை. கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு, எழுந்து விளையாடப் போய்விடும். எழுபது வயதில், இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்த உடம்பில், அதே காய்ச்சல் நுரையீரலைப் பிடித்துக்கொள்கிறது. இதயத்தையும் விடுவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. இன்ஃப்ளூயன்ஸா என்று உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று அது காட்டியது. மாரடைப்பில் போன பெரியவருக்கு அதற்கு முந்தைய வாரம் காய்ச்சல் இருந்ததா என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்?

இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கமுந்திங்குக்கு நெருக்கமானது. மலேசியாவில் முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம், கமுந்திங் இருக்கும் பேராக். பிள்ளைகள் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போக, தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளில் குடியேறிய தலைமுறை இங்கேயே மூத்துக்கொண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் இனிப்புநீர் உள்ளவர்கள் நாடளவில் 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே 31.4. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த அவையிலேயே அந்த மூன்றாமவர் எத்தனை பேர்!

குளிர்நாடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பனிக்காலம் எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் மருத்துவர் கையில் இருக்கும் பட்டியலைப் பார்த்து, 65 வயதைக் கடந்தவர்களை இலையுதிர் காலத்திலேயே அழைத்து ஊசி போடுகிறார்கள். ஊசியின் காப்பு மாதம் போகப் போகக் குறையும் என்பதால், 2024இல் பெரியவர்களுக்கான தொடக்கத்தைச் செப்டம்பரிலிருந்து அக்டோபருக்குத் தள்ளினார்கள். ஒரு மாதம் முன்னே பின்னே என்பதுகூட அவர்களுக்குத் திட்டமிட வேண்டிய விஷயம்.

கமுந்திங்குக்குப் பனிக்காலம் கிடையாது. பக்கத்துத் தைப்பிங், மழைக்குப் பேர்போன ஊர்; ஆனால் மழையைப் பார்த்து இன்ஃப்ளூயன்ஸாவுக்கு நாள் குறிக்க முடியாது. இந்த வட்டாரத்தில் அது ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருந்து அவ்வப்போது தலைதூக்கும். கிருமியும் உரு மாறி உரு மாறி வருவதால், உலகச் சுகாதார நிறுவனம் ஊசி மருந்தின் சேர்மானத்தை ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கிறது: பிப்ரவரியில் வடகோளத்துக்கு, செப்டம்பரில் தென்கோளத்துக்கு. எந்த மருந்து என்பதைக் கிளினிக் பார்த்துக்கொள்ளட்டும். ஊர் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் கூடும். அதையடுத்து ஆண்டிறுதிப் பயணங்கள். ஆகவே தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே முதியவர்களின் கையில் ஊசி ஏறியிருக்க வேண்டும். முடிவு செய்வதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இந்த ஊருக்கு இல்லை.

இந்தக் காய்ச்சலைத் தமிழர்கள் பழைய காலத்திலிருந்தே அறிவார்கள். 1918 அக்டோபரில் அது மலாயாவுக்குள் புகுந்தபோது, நெருக்கியடித்து வாழ்ந்த தோட்டத்து லயங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் கூலிகள் சுருண்டு விழுந்தார்கள். அதே அலை இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு 1957, மெர்டேக்கா ஆண்டு. அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போன கப்பலோடுதான் புதிய காய்ச்சல் இந்தியக் கரையில் இறங்கியது. ரஜுலா போன்ற கப்பல்களில் இந்த ஊர்க் குடும்பங்களின் முன்னோர் வந்துபோன அதே கடல்வழி.

தோட்டத்தில் மலேரியாவை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது இன்றைக்கும் கவனிக்க வேண்டியது. விடியுமுன் பெரட்டு. எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிடும் இடத்திலேயே கொய்னா மருந்தும் கொடுக்கப்பட்டது. கசப்பை விழுங்கிய பிறகுதான் வேலைக்காடு. அந்தப் பெயர்ப்பட்டியல் தொழிலாளியின் நலத்துக்காக எழுதப்பட்டதல்ல. அவன் உழைப்பைக் கணக்கிட எழுதப்பட்டது. அதை மறக்கவும் கூடாது, மெழுகிப் பூசவும் கூடாது. ஆனாலும் யார் வந்தார், யார் வரவில்லை, யார் லயத்தில் காய்ச்சலில் கிடக்கிறார் என்பது அந்தப் பட்டியலில் தெரிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குச் சிதறியபோது அடக்குமுறை போனது. கூடவே அந்தக் கணக்கும் போயிற்று. இன்று இரண்டு நாளாகக் கதவு திறக்காத வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் என்பது அடுத்த சந்துக்குத் தெரிவதில்லை.

சுகாதார அமைச்சு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 60 வயதைத் தாண்டிய, நீடித்த நோயும் உள்ள மலேசியர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் இன்ஃப்ளூயன்ஸா ஊசி இலவசம் என்று 2025இல் கொண்டுவந்தது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குத் தனியார் கிளினிக்கின் ஊசிக் கட்டணம் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். அந்தச் சுமை இறங்கியது. ஆனால் நாள் குறிக்க வைத்த வாசல் மைசெஜாத்ரா செயலி.

கைப்பேசி வாசல் யாருக்குத் திறக்கும் என்பதை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2021 மே 2ஆம் தேதி, சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் ஒதுக்கிய 268,600 கோவிட் ஊசி இடங்கள் இணையத்தில் மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் தீர்ந்துபோயின. விரல் வேகமும் நல்ல இணைப்பும் உள்ளவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சளிக்காய்ச்சல் ஊசி யாருக்காக வந்ததோ, அவர்களில் பலர் பேரப்பிள்ளை வந்தால்தான் செயலியைத் திறப்பார்கள்.

ஆகவே வேலையைத் திருப்பிப் போட வேண்டும். அழைப்பு கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போகட்டும். இனிப்புநீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்கச் சில மாதத்துக்கு ஒருமுறை கார்டோடு கிளினிக்கில் உட்காரும் முதியவரைப் புதிதாகத் தேடவே வேண்டாம். அதே வருகையில், அதே நாற்காலியில், ஊசியையும் போட்டு அனுப்பலாம். ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகிறவர்களும் அப்படியே. சிங்கப்பூரில் 2023 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் முதியவர் தமக்கென ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிகிறார். சளிக்காய்ச்சல் ஊசி அவருக்கு அங்கே இலவசம். பட்டியல் மருத்துவரிடம் இருக்கிறது, தேடல் இல்லை.

கிளினிக் பட்டியலில் சிக்காதவர்கள்தான் கடினம். படுத்த படுக்கையாக இருப்பவர், தனியாக வாழ்பவர், கார்டையே தொலைத்தவர். அவர்களைக் கண்டுபிடிக்க அமைச்சால் முடியாது. கோவில் நிர்வாகத்தால் முடியும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் முடியும், அன்னதான வரிசையில் யார் காணோம் என்று கவனிக்கும் அக்காவால் முடியும்.

பயத்தையும் நேராகப் பேச வேண்டும். "ஊசி போட்டுத்தான் எனக்குக் காய்ச்சலே வந்தது" என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீதியிலும் உண்டு. அவர்களைப் பரிகசிக்கக் கூடாது. முதியவர்களுக்குப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அது இன்ஃப்ளூயன்ஸாவைத் தராது. கை வலிக்கும், சிலருக்கு ஓரிரு நாள் உடம்பு சூடாகும். ஊசி எல்லாத் தொற்றையும் தடுத்துவிடும் என்றும் யாரும் சொல்லக் கூடாது. நன்றாகப் பொருந்தும் ஆண்டில் நோயாகி மருத்துவரிடம் போவது ஏறக்குறைய பாதி குறைகிறது. முதியவர்களிடம் அந்தக் காப்பு இன்னும் குறைவுதான். ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகிறவர்கள் குறைகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டது. கோவிட் ஊசி போட்டிருந்தாலும் இது வேறு ஊசி. ஆண்டுதோறும் போட வேண்டியது.

பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜப்பான் 1960களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கே சளிக்காய்ச்சல் ஊசி போட்டுவந்தது. அந்த ஆண்டுகளில் நாட்டில் முதியோர் மரணமும் குறைந்தது, திட்டம் கைவிடப்பட்டதும் அது திரும்ப ஏறியது என்று 2001இல் வெளியான ஆய்வு எழுதியது. இலவசத் திட்டம் முதியவர்களோடு நிற்கும்வரை, வசதியுள்ள பெற்றோர் தங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி பாட்டிக்கும் சேர்த்துப் போட்டதுதான்.

ஆகஸ்டு முடிவதற்குள் ஒவ்வொரு தாமானுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: பெயர், வயது, நோய், அழைத்துப்போக வண்டி உள்ளவர் யார். எழுத இரண்டு பிள்ளைகள், வீடு காட்ட ஓர் அக்கா. கிளினிக் அதிகாரிகளிடம் ஊரார் வைக்க வேண்டிய விண்ணப்பமும் ஒன்றே: செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்பெட்டியில் மருந்தோடு இரண்டு தாதியர் கோவில் மண்டபத்துக்கு வரட்டும், செயலி இல்லாதவர்களுக்கு அடையாள அட்டையே போதும் என்று சொல்லட்டும்.