மூன்று விரல் இடைவெளி
ஹவுரா தொழிலாளரின் வாய்நலம் பற்றிய உரை



1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் ஏறத்தாழ 26,500 டன் எஃகால் ஆனது. அதன் தொங்கு கம்பங்களின் அடிப்பகுதியை வெற்றிலை பாக்கு எச்சில் அரித்து வருவதைக் கண்ட பொறியாளர்கள், அவற்றைக் கண்ணாடியிழை உறைகளால் மூடினர். எஃகுக்குக் காப்புக் கிடைத்தது. அந்த எச்சில் ஊறும் வாய்க்குக் காப்பு யாது?

ஹவுரா மாவட்டம் சணல் ஆலைகளுக்கும் வார்ப்படப் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. சணல் தூசி எளிதில் தீப்பற்றும். ஆலைக்குள் புகைபிடித்தல் ஆகாது. களைப்பையும் பசியையும் மறக்கத் தொழிலாளி கைனியையும், பாக்குத்தூள் பொட்டலத்தையும் நாடுகிறான். பாக்கை இடைவிடாது மெல்வோருக்கு வாயின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசு பெருகி இறுகுகிறது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு விவரித்தார். மறு ஆண்டே பம்பாயின் டாக்டர் ஜோஷி இங்குள்ள நோயாளிகளைப் பற்றி எழுதினார்.

முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பின்னர் கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைக்கும்; வாய் திறக்கும் அளவு சுருங்கும். பல் துலக்கி கடைவாய்க்கு எட்டாது. அங்கே உணவுத் துணுக்குகள் தங்கிப் பற்காரை படியும். ஈறு வீங்கிக் குருதி கசியும். வாயைக் கழுவி, அமிலத்தைத் தணித்துப் பற்களைக் காப்பது உமிழ்நீர். அதைச் சுரக்கும் சிறு சுரப்பிகள் இறுகிவரும் அதே திசுவில் அமைந்துள்ளமையால், பலருக்கு வாய் வறள்கிறது. துலக்கவும் இயலாமல், இயற்கையின் கழுவுநீரும் குன்றிய நிலையில் ஈறுநோய் முற்றுகிறது.

பாக்கை விட்டுவிட்டால் நோய் மேலும் முற்றுவதைத் தடுக்கலாம். ஆனால் இறுகிய திசு பழைய நிலைக்கு முற்றிலும் மீள்வது அரிது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளைப் பதினேழு ஆண்டுகள் வரை கண்காணித்த ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் கண்டது.

மேற்கு வங்க அரசு 2013இல் புகையிலை கலந்த குட்காவைத் தடை செய்தது, பாராட்டத்தக்க நடவடிக்கை. எனினும் இந்நோயின் மூலம் பாக்கே. புகையிலை கலவாத பொட்டலமும் தீங்கற்றதன்று. பாக்கு தனித்தே புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது.

மற்றொரு குறையும் உண்டு. 2016இல் வகுக்கப்பட்ட தேசிய நெறிமுறைப்படி வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை 30 வயது முதலே தொடங்குகிறது. பள்ளிப் பருவத்திலேயே பாக்குப் பொட்டலத்திற்குப் பழகியவனுக்கு இருபதுகளிலேயே வாய் இறுகிவிடக்கூடும். அவன் பரிசோதனைக்கு வரும் நாளில் காலம் கடந்திருக்கும். உழைக்கும் வயதில் சரிவர உண்ணவியலாதவனின் கூலியிழப்பு, அவன் குடும்பத்தின் இழப்பு. நாட்டின் உற்பத்திக்கும் இழப்பு.

இதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. முன்பற்களுக்கிடையே தன் விரல்கள் மூன்றைச் செங்குத்தாக நுழைக்க இயல்கிறதா என்று ஒவ்வொரு தொழிலாளியும் பார்க்கலாம். ஆலை மருந்தகங்களிலும் தொழிலாளர் ஈட்டுறுதி மருந்தகங்களிலும் வயது வரம்பின்றி இச்சோதனையை நடத்தி, ஈற்றையும் உமிழ்நீரையும் கவனித்து, ஐயமுள்ளோரை ஹவுரா மாவட்ட மருத்துவமனைக்கோ, ஆற்றுக்கு அக்கரையில் 1920இல் தோன்றிய டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பலாம்.

பாலத்தின் கம்பங்களுக்கு உறையிட்ட அக்கறை, அப்பாலத்தின் மேல் நாள்தோறும் வேலைக்கு நடந்து செல்லும் மனிதனுக்கும் உரியதாகட்டும்.