குட்டியானைக்கு என்ன விலை?

2005இல் வந்த டாடா ஏஸ்தான் நம்ம ஊர் குட்டியானை. பழசு ஒன்றை வாங்கப் போனார் நண்பர். புதுப் பெயிண்ட், முன்னால் எலுமிச்சம்பழம், மனுஷன் மயங்கிவிட்டார். கூடப் போன மெக்கானிக் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. பின்னால் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கினார். அடியில் துரு. குனிந்து பார்த்தால், ஸ்பிரிங் பட்டை வளைவே இல்லாமல் கிடந்தது. “செங்கல் லோடு அடிச்ச வண்டி!”

அப்புறம் ஆர்.சி. புத்தகம். வண்டிக்கு 8 வயது வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று; அதற்குமேல் வருஷாவருஷம். இதற்கு வயது 9, அடுத்த மாதம் எஃப்.சி. டயர் நாலும் வழுக்கை.

அதே வயது வண்டிகள் கைமாறுகிற விலையை எழுதி, டயர், பட்டை, எஃப்.சி. செலவைக் கழித்தார் மெக்கானிக். மிச்சத்தைக் கேட்ட வண்டிக்காரர் முறைத்தார். பிறகு, “டீ சாப்பிடுறீங்களா?” என்றார்.