குருதி கூறும் குறி



சாரல் காலத்தில் குற்றாலத்துப் பேரருவியில் நீராடியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். தெளிந்து விழும் நீர் திடீரெனக் கலங்கிச் சருகும் சுள்ளியும் சுமந்து வருமாயின், காவலர் அனைவரையும் கரையேற்றிவிடுவர். மலைமேல் பெய்த மழையை அவர்கள் கண்டதில்லை. நீரே அச்செய்தியைக் கொணர்ந்துவிடுகிறது. நம் உடலில் ஓடும் குருதியும் இவ்வாறு செய்தி தாங்கி வருவதுண்டு. நிணநீர்ப் புற்றுநோயில் அச்செய்தியை மருத்துவர் எங்ஙனம் படிக்கின்றனர் என்று இன்று பார்ப்போம்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் உள்ளன. அங்குத் தங்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை கட்டுக்கடங்காது பெருகுவதே இந்நோய். 1832-இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் இதன் ஒரு பிரிவை விவரித்தார். கணுவின் துணுக்கை நுண்பெருக்கியில் கண்டே நோயை உறுதிசெய்வர். அதன் போக்கை மதிப்பிடவே குருதி துணைபுரிகிறது.

உயிரணுக்களுக்குள் 'லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்' என்னும் நொதி இருக்கிறது. புற்றணுக்கள் விரைந்து பெருகி விரைந்து மடியும்போது அது குருதியில் கசிந்து மிகுகின்றது. விரைந்து வளரும் வகைகளுக்கென 1993-இல் பன்னாட்டு மருத்துவர்கள் ஓர் அளவுகோல் வகுத்தனர். அறுபதைக் கடந்த வயது, நோய் பரவிய நிலை, நடமாட்டக் குறைவு, கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நோய், இந்நொதியின் மிகுதி ஆகிய ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒரு புள்ளியோ அதனினும் குறைவோ பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேர் ஐந்தாண்டுகளின் பின்னும் வாழ்ந்தனர். மூன்று பெற்றவர்களில் 43 பேர். நான்கும் ஐந்தும் பெற்றவர்களில் 26 பேர்.

இவ்வெண்களைத் தலைவிதி என்று கொள்ளலாமா? கூடாது. இவை நூறு பேரைப் பற்றிய கணக்கு. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் எப்பக்கம் நிற்பார் என்பதை இவை கூறா. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவனை நல்லாசிரியர் கைவிடுவதில்லை. அவனுக்கு மிகுந்த கவனம் வேண்டும் என்றே அறிகிறார். மருத்துவரும் அவ்வாறே.

மேலும், மருந்து மாறினால் கணக்கும் மாறும். 1997-இல் அமெரிக்காவில் 'ரிட்டுக்சிமாப்' என்னும் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதனைச் சேர்த்துச் சிகிச்சை பெற்றோரைக் கனடாவில் ஆராய்ந்து 2007-இல் முடிவு வெளியிட்டனர். மூன்று முதல் ஐந்து புள்ளி பெற்றவர்களிலும் நூற்றுக்கு 55 பேர் நான்காண்டுகளின் பின் வாழ்ந்திருந்தனர். கால அளவு சற்றே வேறாயினும் முன்னேற்றம் தெளிவு. குறி அதுவே, முடிவு அதுவன்று.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் தென்காசியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அத்துணைத் தொலைவு செல்ல நேர்வோர் வீட்டில், சோதனைத்தாளில் ஓர் எண் மிகுந்திருப்பதைக் கண்டு மனம் தளர்வது இயல்பு. ஈரல் நோயிலும் சிவப்பணுச் சிதைவிலும்கூட இந்நொதி மிகும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கழுத்திலோ அக்குளிலோ வலியற்ற கட்டி சில வாரங்களாகியும் கரையாதிருந்தால், நாட்கடத்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். படித்தவர் வீட்டிற்குச் செய்யத்தக்க உதவி இது.