மஞ்சள் காய்ச்சலும் அயல்நாட்டுப் பயணமும்

பிழைப்பை நாடி மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் வந்து குடியேறிய நம்மவருள் சிலர், தொழில் நிமித்தம் நைஜீரியா, கென்யா முதலிய நாடுகளுக்கும் செல்கின்றனர். அவர்கள் அறிய வேண்டிய நோய் ஒன்று உண்டு. அதுவே மஞ்சள் காய்ச்சல்.

பெயரைக் கேட்டு இதனை மஞ்சள் காமாலை என்று எண்ணிவிடலாகாது. கீழாநெல்லியை நம்பியிருக்கவும் கூடாது. இது கொசுக்கடியால் பரவும் நச்சுயிரி நோய். இதனை அழிக்கும் தனி மருந்து இல்லை. வராமல் தடுக்கும் ஊசி உண்டு. 1937-ஆம் ஆண்டில் அதனை உருவாக்கிய மாக்ஸ் தைலருக்கு 1951-இல் நோபல் பரிசு கிட்டியது.

அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே இவ்வூசியை இடுவர். மேற்கூறிய மூன்று நகரங்களிலும் அவை உள்ளன. இதற்கெனச் சென்னைக்கு ஓட வேண்டுவதில்லை. ஊசியிட்ட 10 நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லும். ஆகவே, பயணச்சீட்டு வாங்குமுன் ஊசியை நினைக்க வேண்டும். ஒருமுறை பெற்ற சான்றிதழ், 2016 முதல் ஆயுள் முழுவதும் செல்லும். கருவுற்றோர், கைக்குழந்தை உடையோர், முட்டை ஒவ்வாதோர், 60 வயதைக் கடந்தோர் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்க.

நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழின்றித் திரும்புவோரை 6 நாட்கள் வரை தனித்து வைப்பர். இதனைக் கொடுமை என்று நாம் கருதலாகாது. இந்நோய் நம் நாட்டில் இல்லை; ஆனால் இதனைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது. ஒருவர் இட்டுக்கொள்ளும் ஊசி, ஊருக்கே காவலாகும்.