துப்பாக்கியைத் தாங்கும் மணற்பை



உங்களுள் பலர் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருப்பீர்கள். 1948-ஆம் ஆண்டில் தனிச் சட்டத்தின் வாயிலாகத் தோன்றிய அப்படையில் பயின்றவர் எவரும், .22 ரகத் துப்பாக்கியை ஏந்தித் தரையில் குப்புறப் படுத்து, 25 மீட்டருக்கு அப்பாலுள்ள காகிதத்தை நோக்கி முதன்முதலாகச் சுட்ட நாளை எளிதில் மறப்பதில்லை. ஐந்து குண்டுகளும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தால் மகிழ்ச்சி. விரித்த கைவிரல்களைப் போல ஐந்து திசையில் சிதறினாலோ ஒரு வழக்கே எழுந்துவிடுகிறது. பிழை சுட்டவருடையதா, துப்பாக்கியினுடையதா?

இவ்வழக்கைத் தீர்க்க வல்ல சாட்சி ஒன்று உண்டு. கித்தான் துணியில் தைத்த சிறு பைதான் அது. துப்பாக்கியின் முன்புறம் ஒரு பையின்மேலும், தோளில் பதியும் பின்கட்டை மற்றொரு பையின்மேலும் கிடக்குமாறு வைத்துச் சுட்டால், கைநடுக்கமும் மூச்சின் அசைவும் பெரிதும் நீங்கிவிடுகின்றன. அப்பொழுதும் குண்டுகள் சிதறினால் துப்பாக்கியையோ தோட்டாவையோ ஐயுறலாம். நெருங்கி விழுந்தால் பயிற்சிக் குறைவு என்று கொள்ளலாம். படையினர் துப்பாக்கியின் குறிகளைத் திருத்தி நிலைப்படுத்தும்போதும் இத்தகைய தாங்கலையே நாடுகின்றனர். அதனை அவர்கள் 'ஜீரோ' செய்தல் என்பர். சாட்சியே பொய் சொன்னால் என்ன ஆகும்? நல்ல துப்பாக்கியின் குறி வீணாகத் திருகப்படும். நன்றாகச் சுடக்கூடிய மாணவர் ஒருவர் அணியில் இடமின்றித் திரும்புவார். ஆகவே, பைக்குள் எதை நிரப்புவது என்னும் கேள்வி சிறியதாகத் தோன்றினும் சிறியதன்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பைக்கும் பின்பைக்கும் இடையே 70 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்ளுங்கள். விசையை அழுத்தும் கணத்தில் பின்பை ஒரே ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால், குழலின் வாய் மேல்நோக்கிச் சாய்ந்து, 25 மீட்டர் தொலைவில் குறி ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். .22 குண்டின் விட்டமோ 5.6 மில்லிமீட்டர்தான்! அமுங்கியபின் மீண்டும் குறி பார்த்துச் சரிசெய்து கொள்ளலாம், உண்மையே. ஆனால் விசை இழுபட்ட நொடிக்கும் குண்டு குழலைவிட்டு வெளியேறும் நொடிக்கும் இடையே நேரும் அசைவைத் திருத்த மனிதரால் இயலாது. அந்த இடைவேளை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குதான். எனினும் அதற்குள்ளாகவே பின்னுதைப்பு தொடங்கிவிடுகிறது.

அப்படியாயின், கல்லைப்போல் இறுகிய பொருளை நிரப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். கல்லின்மேல் வைத்த துப்பாக்கி அதிர்ந்து துள்ளும். கட்டையின் வடிவத்திற்கேற்பக் கல் குழிந்து கொடுப்பதுமில்லை. பஞ்சைப்போல் மென்மையாக இருந்தாலோ அமுங்கிக்கொண்டே போகும். நமக்கு வேண்டியது, கையால் அழுத்தும்போது நீரைப்போல் நெகிழ்ந்து வடிவம் கொள்வதும், அதன்பின் கல்லைப்போல் நின்றுவிடுவதுமாகிய பொருள். இவ்விரு குணமும் ஒருங்கே அமைந்தது மணி மணியான பொருளில்தான். மணலைக் கவிழ்த்தால் ஓடுகிறது. குவித்தால் 30 முதல் 35 பாகைச் சரிவில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு மணியும் அண்டை மணியின்மேல் உராய்ந்து பூட்டிக்கொள்வதே காரணம்.

இதன் உள்மருமத்தை 1885-ஆம் ஆண்டில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். நெருங்கி அடைந்த மணிகளை உருமாற்ற முயன்றால், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறியே நகர வேண்டியிருத்தலால், மொத்தப் பருமன் பெருகுகிறது என்று அவர் காட்டினார். பழவேற்காட்டுக் கடற்கரையில் அலை வடிந்த ஈரமணலில் கால் வைத்துப் பாருங்கள். மிதித்தவுடன் பாதத்தைச் சுற்றிலும் மணல் உலர்ந்தாற்போல் வெளுக்கிறதல்லவா? மணிகளின் இடைவெளி பெருகி, மேலிருந்த நீரை உள்ளே இழுத்துக்கொண்டது என்பதே பொருள். இனிப் பைக்கு வாருங்கள். பெருக முயலும் மணலைச் சுற்றிலும் துணி இறுக்கிப் பிடித்திருக்கிறது, பெருக இடமில்லை. ஆகவே பை விறைத்து நிற்கிறது. பின்பையை இடக்கையால் சற்றே கசக்கிப் பிடித்துத் துப்பாக்கியை மயிரிழை அளவு உயர்த்தவும் தாழ்த்தவும் முடிவது இதனாலேயே.

பொருள்களுக்குப் போவோம். திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கென எங்கும் அலைய வேண்டியதில்லை. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் மணல் தந்த ஆறுகள். இன்று அவற்றின் படுகைகள் மிகுதியும் சுரண்டப்பட்டுக் கிடக்கின்றன. இரண்டு பைக்கு வேண்டிய ஐந்தாறு கிலோ மணலை ஆற்றில் இறங்கி அள்ள வேண்டாம். கட்டட வேலை முடிந்த இடத்தில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கினாலே போதும். ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமம். ஒரு லிட்டர் மணல் சுமார் 1.6 கிலோ எடையிருக்கும். புழுக்காது, மழுங்காது, நசுங்காது.

கடல் மணலும் அதே குவார்ட்ஸ்தானே என்று எண்ணிப் பழவேற்காட்டிலோ எண்ணூரிலோ அள்ளி வருவது தவறு. அதிலுள்ள உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டியதும் நீரை ஈர்க்கத் தொடங்கும். நம் கடலோரத்தில் அவ்வளவு ஈரம் அரிதன்று. பை நசநசத்து, மணிகள் ஈரத்தால் ஒட்டிக் கட்டிபடும்; காலையில் ஒரு பை, மாலையில் வேறொரு பை என்றாகிவிடும். அதனினும் கேடு, உப்பீரம் துப்பாக்கியின் எஃகைத் துருவேற்றுவது. கல்லூரியில் வேதியியல் பயில்வோர், மணலைக் கழுவிய நீரில் சில துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்கலாம். தயிர்போல் வெண்மை திரண்டால் இன்னும் கழுவ வேண்டும்.

கருங்கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் இப்பொழுது எங்கும் கிடைக்கிறது. அதன் மணிகள் கூர்முனை உடையவை. ஆதலால் நன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் துணியை உள்ளிருந்தே அராவித் தின்றுவிடும். அதில் கலந்த கல்மாவு தையல் வழியே கசிந்து துப்பாக்கியின் விசைப்பகுதிக்குள் புகுவதும் உண்டு. ஆற்று மணலோ எம்-சாண்டோ, உலர்ந்த நுண்தூசியை மூச்சில் இழுத்தல் ஆகாது. சிலிகா தூசி நுரையீரலில் தங்கி நாளடைவில் சிலிகோசிஸ் என்னும் தீராநோயை விளைவிப்பது கல்லுடைக்கும் தொழிலாளரிடையே கண்ட உண்மை. சல்லடையில் சலிப்பதானால் ஈரமாக இருக்கும்போதே, நீரை ஊற்றிக்கொண்டு சலியுங்கள்.

பொன்னேரிப் பக்கத்து வயல்களைக் கண்டவருக்கு நெல்லும் அரிசியும் நினைவுக்கு வரும். அரிசி நீண்ட மணியாதலால் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி நன்றாகவே நிற்கும். ஆயினும் வண்டு விழும், எலி கடிக்கும், மழைக்காலத்தில் ஊறும். உண்ணும் பொருளைச் சாக்கில் கட்டிப் புழுக்க வைப்பது எனக்கு உடன்பாடன்று. கேழ்வரகு உருண்டை, உருண்டு ஓடுமேயன்றிப் பூட்டாது. உமி ஒரு லிட்டருக்கு நூறு கிராம் அளவே எடையுள்ளது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும். இலவம் பஞ்சோ முழுவதும் வில்போன்றது; வாங்கிய உதையைத் திருப்பித் துப்பாக்கிக்கே கொடுத்துவிடும். அதை நம்பிச் சுடுபவர் இலவு காத்த கிளியாவார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வேறொரு பொருளை நமக்கு அறிமுகம் செய்கிறது. பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாக வரும் பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் மணிகள் அவை. நீரை ஏற்காதவை, தூசியற்றவை. எடையோ மணலில் மூன்றில் ஒரு பங்களவே. தோளில் சுமந்து நடக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் மணி பெரிது, வழுவழுப்பானது. கசக்கும்போது நறநறவென்று ஒலிக்கும். பிடித்த இடத்தில் மணலைப்போல் உறுதியாக நிற்காது. .22 துப்பாக்கிக்குப் பின்பையாக வைத்துக்கொள்ளலாம். பின்னுதைப்பு மிகுந்த துப்பாக்கிக்கு முன்பையாக வைப்பது வீண்.

எடை மிகுந்த பை வேண்டுவோர் வார்ப்பட ஆலைகளின் மணலை நாடுகின்றனர். உருகிய எஃகை ஊற்றும் அச்சுகளுக்குப் பயன்படும் ஜிர்கான் மணலும் குரோமைட் மணலும் சாதாரண மணலைவிட ஒன்றே முக்கால் மடங்கு கனம் உள்ளவை. மணி நுண்மை, அளவு ஒழுங்கு, ஓட்டமும் நிற்றலும் செம்மை. உலகெங்கும் தேர்ந்த சுடுநர் பலர் விரும்பும் 'கனமணல்' இதுவே.

ஜிர்கான் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட் ஆகியவற்றோடு அது கலந்து கிடக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், அப்பக்கத்திலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட் தோரியம் உடையது, கதிரியக்கம் கொண்டது. ஆதலால் கடற்கரைக்குச் சுற்றுலா சென்று கருமணலைப் பையில் நிரப்பி வருவது உடலுக்கும் தீங்கு, சட்டத்திற்கும் மாறு. தாதுமணல் எடுப்பதற்கு 2013-இல் தமிழக அரசு தடை விதித்ததும் நினைவிருக்கட்டும். பிரித்தெடுத்து விற்கும் ஜிர்கானில்கூட யுரேனியம், தோரியம் மிகச் சிறு அளவில் உண்டு. தூசி பறக்காத நல்ல உறையில் அடைத்தே அதைக் கையாள வேண்டும்.

ஈயக்குண்டுகள் இன்னும் கனமானவை. ஆனால் ஈயம் நஞ்சு. மேசைமேல் பைகளில் கிடத்திச் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' என்னும் போட்டி அமெரிக்காவில் வளர்ந்த ஒன்று. பையில் உள்ளது உலர்ந்த, நுண்ணிய, உலோகமல்லாத பொருளாக இருத்தல் வேண்டும் என்று அங்கே விதி வகுத்திருக்கின்றனர். விரலால் அழுத்தினால் பை கால் அங்குலமேனும் குழியவும் வேண்டும். ஒலிம்பிக் போட்டியில் இத்தகைய தாங்கலுக்கே இடமில்லை. முழந்தாளிட்டுச் சுடுபவர் கணுக்காலின் கீழ் வைத்துக்கொள்ளும் உருளைப்பை ஒன்று மட்டும் உண்டு. அது 25 சென்டிமீட்டர் நீளத்தையும் 18 சென்டிமீட்டர் விட்டத்தையும் மீறலாகாது.

ஒரு பள்ளியின் பயிற்சிக்கு எது தகும் என்று என்னைக் கேட்டால், கழுவி உலர்த்திய ஆற்று மணலே என்பேன். கனமணலின் மேன்மை பெரிய துப்பாக்கிகளில்தான் தெரியும்; .22-க்கு அவ்வளவு செலவு தேவையில்லை. மாவும் பருங்கல்லும் நீக்கி, அரை மில்லிமீட்டரை ஒட்டிய மணிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீர் வடியும்வரை கழுவி, வாணலியில் சூடேற்றி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்த்துங்கள். பைக்கு இரட்டைத் துணி நல்லது. உள்ளே நெருக்கமாக நெய்த மெல்லிய துணி மணலைக் காக்கும். வெளியே கித்தான் உராய்வைத் தாங்கும். ஆவடியில் 1961 முதல் படையினருக்கு உடை தைத்துவரும் தொழிற்சாலை இருக்கும் மாவட்டத்தில் உறுதியான தையலைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வாய்வரை திணிக்க வேண்டாம். பையை மேசையில் தட்டித் தட்டி நிரப்பி, பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விட்டுத் தையுங்கள். பிறகு துப்பாக்கியின் பின்கட்டையை அதன்மேல் அழுத்திப் பதித்து, எடுத்து, குழியைப் பாருங்கள். குழியின் கரைகள் சரியாமல் நின்றால் மணல் உலர்ந்து சரியாக நிரம்பியிருக்கிறது. மெல்லச் சரிந்து மூடினால் பையைப் பிரித்து இன்னும் இரண்டு கைப்பிடி மணல் சேர்க்க வேண்டியதுதான்.