ஈடர் மலையில் ஏழு முனிவர்கள்
(விழாச் சொற்பொழிவு)



ஆசிரியரைப் பணிதல் ஜின மரபில் நாள்தோறும் நிகழ்வது. பஞ்ச நமஸ்காரத்தை ஓதுங்கால் ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகிய மூவகையோரும் வணங்கப்பெறுகின்றனர். ஆயின், துறவு பூணாது வணிகம் செய்து வாழ்ந்து, 33 வயதில் மறைந்த ஒருவரைத் துறவியர் எழுவர் தம் ஆசிரியராகக் கொண்டனர் எனின், அது ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தியாகும். அப்பெருமகனார் கூர்ஜர நாட்டு ஸ்ரீமத் ராஜசந்திரர்.

1867ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமியன்று சௌராட்டிரத்தின் வவாணியா என்னும் சிற்றூரில் அவர் தோன்றினார். 16 வயதில் 'மோட்சமாலா' என்னும் நூலை 108 பாடங்களாக இயற்றினார். நூறு செயல்களில் ஒரே வேளையில் கருத்தூன்றும் சதாவதானத்தைப் பம்பாயில் நிகழ்த்தி அறிஞர் பாராட்டைப் பெற்றார். எனினும், புகழ் ஆன்ம நாட்டத்திற்குத் தடை என உணர்ந்து அவதானத்தை விரைவில் கைவிட்டார். பம்பாயில் முத்து, மணி வணிகம் அவருடைய தொழில். வணிகம் பேசி முடிந்த மறுகணமே அவர் கை அற நூலையோ குறிப்பேட்டையோ நாடும் எனக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் வியந்து குறித்துள்ளார். 1891இல் இலண்டனிலிருந்து திரும்பிய காந்தியடிகள் முதன்முதல் அவரைச் சந்தித்தார்; பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து 27 ஐயங்களை எழுதி அனுப்பி விடை பெற்றார்.

அவரைச் சூழ்ந்த மாணாக்கர் சிலரே. சாயலாவைச் சேர்ந்த சௌபாக்பாய் வயதில் மூத்தவர். ஸ்ரீமத்தின் நெருங்கிய ஆன்ம நண்பர். கம்பாத்தைச் சேர்ந்த அம்பாலால் ஆசிரியரின் கடிதங்களைப் படியெடுத்துக் காத்த தொண்டர். லல்லூஜி முனிவரோ ஸ்தானகவாசிப் பிரிவில் மதிப்புடன் விளங்கிய துறவி. தம்மினும் மிக இளையவரான ஓர் இல்லறத்தாரிடம் ஆன்ம ஒளியைக் கண்டு, அவர் தாள் பணிந்தார்.

இதனால் அவருக்கு நேர்ந்தது எளிய துன்பமன்று. இல்லறத்தாரைத் துறவி வணங்குவதா எனச் சங்கத்தார் சினந்தனர்; முடிவில் அவரும் உடனிருந்தோரும் சங்கத்தினின்று விலக்கப்பட்டனர். சங்கத்தாரின் அச்சம் அடிப்படையற்றது என ஒதுக்கிவிடல் ஆகாது. துறவியர் வரம்பு தளரின் அறம் தளரும் என்பது முன்னோர் கண்ட உண்மை. அவ்வுண்மையை ஸ்ரீமத்தும் நன்கு அறிந்திருந்தார். இல்லறத்தில் உள்ளவரை வெளிப்படையாக அறம் உரைத்துத் திரள் சேர்த்தல் தமக்குத் தகாது எனத் தம்மை ஒடுக்கிக்கொண்டார். தம்மை நாடிவந்த முனிவர்களை விரதங்களில் மேலும் உறுதிப்படுத்தினாரேயன்றி நெகிழ்த்தினாரல்லர்.

இதற்குச் சான்றாக அவர் மரபினர் போற்றியுரைக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. லல்லூஜி முனிவர் கம்பாத்தில் சாதுர்மாசம் இருந்தபொழுது ஸ்ரீமத் அருகிலுள்ள ராலஜ் என்னும் ஊரில் தங்கியிருந்தார். காணும் வேட்கை தாளாது முனிவர் நடந்து சென்று, ஊர் எல்லையிலேயே நின்று, உள்ளே வரலாமா எனக் கேட்டனுப்பினார். ஆணையைக் காத்துத் திரும்புதலே நலம் என்னும் குறிப்பு வந்தது. கண்ணீர் பெருகியபோதும் அவர் ஒரு சொல்லும் மறுத்துரையாது திரும்பினார். மறுநாள் சௌபாக்பாய் வாயிலாக அவருக்குத் தியான மந்திரம் அனுப்பிவைக்கப்பட்டது. அருகிருந்து காணும் இன்பத்தினும் ஆணை வழி நிற்றலே மேலான அணுக்கம் என்பதை அன்று அவர் கற்றார்.

1896இல் நடியாத் நகரில், சௌபாக்பாயின் வேண்டுகோளுக்கு இணங்கி, 142 செய்யுட்கள் கொண்ட 'ஆத்மசித்தி'யை ஸ்ரீமத் ஒரே அமர்வில் எழுதி முடித்தார். அம்பாலால் விளக்கேந்தி அருகில் நின்றார். ஆன்மா உண்டு, அது அழியாதது, வினைகளைச் செய்வது அதுவே, அவற்றின் பயனைத் துய்ப்பதும் அதுவே, வீடுபேறு உண்டு, அதற்கு வழியும் உண்டு. இவ்வாறு உண்மைகளையே அந்நூல் நிறுவுகிறது.

1898-99 குளிர்காலத்தில் ஈடர் மலைக்காட்டில் எழுவரும் ஒருங்கே அவரைச் சேர்ந்தனர். கல்லும் முள்ளும் நிறைந்த வழியில் மலையேறி, பாறை மீதமர்ந்து அவர் கற்பித்த நூல் யாது? நேமிசந்திர ஆசாரியர் 58 காதைகளில் அருளிய திரவிய சங்கிரகமே. திகம்பர ஆசாரியரின் நூலைச் சுவேதாம்பர வழிவந்த முனிவர்க்கு ஓர் இல்லறத்தார் கற்பித்தார். பிரிவு வேற்றுமை அப்பாறையில் ஏறவில்லை. மனம் நிலைபெற்றுத் தியானம் கைகூட வேண்டுமாயின் விருப்பும் வெறுப்பும் மயக்கமும் நீங்க வேண்டும் என்னும் அந்நூற்கருத்தை அவர் மீண்டும் மீண்டும் ஓதினார்.

குந்தகுந்த ஆசாரியரின் பஞ்சாஸ்திகாயத்தைக் குஜராத்தியில் பெயர்த்தவரும் ஸ்ரீமத்தே. அந்த ஆசாரியரின் திருவடிகளைப் பொன்னூர் மலையில் வணங்கிவரும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இச்செய்தி அயலானதன்று. குன்றின்மீது நாம் பணியும் அடிச்சுவடும், ஈடர்ப் பாறையில் ஒலித்த காதையும் ஒரே ஜினவாணியின் இரு கரைகள்.

1901ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இராஜகோட்டில் ஸ்ரீமத் உடல் நீத்தார். சௌபாக்பாய் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். எஞ்சியோர் அழுது கலைந்துபோயினரல்லர். 1905இல் ஆசிரியரின் எழுத்துகள் நூலாக வெளிவந்தன. அவர் வாழ்நாளிலேயே தோன்றிய பரமசுருத பிரபாவக மண்டலம், பிரிவு நோக்காது ஜின நூல்களை வெளியிட்டது. லல்லூஜி முனிவரைச் சூழ்ந்து 1920இல் அகாஸ் ஆசிரமம் உருவாயிற்று. அங்கும் அவர் தம்மை ஆசிரியராக நிறுத்தவில்லை. வந்தோரையெல்லாம் தம் ஆசிரியரிடமே ஆற்றுப்படுத்தினார்.

அன்பர்களே! ஆசிரியரை நினைத்தல் என்பது படத்திற்கு மாலை சூட்டுவதோடு முடிவதன்று. கடை மூடிய பின்னரும், வயல் வேலை முடிந்த பின்னரும், இல்லத்துப் பெரியோரும் பிள்ளைகளும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமரலாம். திரவிய சங்கிரகத்தில் நாளுக்கொரு காதை ஓதின் இரண்டு திங்களுக்குள் நூல் முற்றுப்பெறும். வணிகத்தின் நடுவே ஒருவர் ஆன்மாவை மறவாதிருந்தார் எனின், இல்லறம் தடையென்று நாம் சொல்லத் தக்க காரணம் யாதுளது?

வாழ்க ஜின அறம்! ஓங்குக நல்லறிவு!